பழைய காரும் தானியங்கிக் கியர்ப்பெட்டியும்

கல்முனைக் கரையோரத்தில் இன்று ஓடும் கார்கள் பலவற்றில் சாரதியின் இடக்காலுக்கு வேலை இல்லை. மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும் ஓடிய காலத்தில், கிளட்சை மிதித்து, கியர்த் தடியை அசைத்து, இயந்திரத்தின் குரலைக் காதாற் கேட்டு வேகம் மாற்றியவனே சாரதி எனப்பட்டான். கியர் மாற்றும்போது கரகரவென்று ஓசை எழுந்தால், பிழை எங்கே என்பது பின்னாசனத்தில் இருந்தவர்களுக்கும் விளங்கிவிடும். தானியங்கிக் கியர்ப்பெட்டியில் அந்த வெளிப்படை இல்லை. அது தன் நோயை நெடுநாள் மறைத்து வைத்திருந்து, ஒரு நாள் திடீரென்று படுத்துவிடும் இயல்புடையது. பழைய வண்டி வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான கார்கள் மறுபடி இறக்கப்படுவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், நாட்டினுள் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. விலையோ முன்னொருபோதும் இல்லாத உயரத்துக்கு ஏறிற்று. கட்டாரிலும் சவூதியிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம், நகையை அடகு வைத்த பணம், லீசிங் நிறுவனத்தில் எடுத்த கடன் ஆகிய மூன்றும் கலந்தே பலருடைய கார் வீட்டு முற்றத்துக்கு வந்தது. அத்தகைய வண்டியின் கியர்ப்பெட்டி பழுதானால், கெடுவது ஓர் இயந்திரம் மாத்திரமன்று.

வீரமுனையில் ஓர் ஆசிரியர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வயதான தாயாரை மாதந்தோறும் கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்ல அவருக்கு ஒரு சிறிய கார் தேவைப்படுகிறது. சம்மாந்துறையில் ஒரு கார் விலைக்கு வந்திருப்பதாக அறிந்து, ஒரு நாள் பிற்பகலில் போய்ப் பார்க்கிறார். மெருகு மாறாத வண்டி. ஓட்டிப் பார்க்கும்போது பட்டுப்போல் ஓடுகிறது. முற்பணம் கொடுக்க எண்ணியவர், எதற்கும் ஒருமுறை கேட்டு வைப்போமென்று, கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் முதிய மெக்கானிக்கிடம் செல்கிறார்.

“காக்கா, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நீங்களும் ஒரு தரம் பார்த்துவிட்டால் நல்லது.”

“பார்க்கலாம், மாஸ்டர். நீங்கள் போனபோது இயந்திரம் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா?”

ஆசிரியருக்கு விடை தெரியவில்லை. “நாளை சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்படுவோம். நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று அவரிடம் சொல்லிவிடுங்கள்” என்கிறார் மெக்கானிக்.

அனுபவம் மிக்க தொழிலாளி, வண்டிக்கு என்ன நோய் என்று முதலில் கேட்பதில்லை. எப்பொழுது என்றுதான் கேட்கிறார். குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னரா? முன்னே செல்லும்போதா, ரிவர்ஸிலா? புறப்படும் கணத்திலா, ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கையிலா? இவற்றுக்கு விடை கிடைத்தால் நோயின் பாதி இனங்காணப்பட்டாயிற்று. இதன் காரணத்தை அறிய, அந்தப் பெட்டியினுள்ளே நடப்பது யாதென்று சற்றுப் பார்க்க வேண்டும்.

கிளட்ச் மிதியில்லாமல் இயந்திரத்தையும் சில்லுகளையும் இணைக்கும் வித்தை முதலிற் பிறந்தது காருக்காக அன்று, கப்பலுக்காக. ஜேர்மனியைச் சேர்ந்த ஹேர்மன் ஃபோட்டிங்கர் என்னும் பொறியியலாளர், கப்பலின் வேகமான சுழலியையும் மெதுவாகச் சுழலும் விசிறியையும் திரவத்தின் மூலம் இணைக்கும் முறைக்கு 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஒன்றையொன்று நோக்கி வைத்த இரண்டு மின்விசிறிகளுள் ஒன்றைச் சுழல விட்டால், அதன் காற்றினால் மற்றையதும் சுழலுமல்லவா? அதே தத்துவம்தான், காற்றுக்குப் பதிலாக ஓயில். 1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம், 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் கார்களுக்காக ஹைட்ராமற்றிக் என்ற முழுத் தானியங்கிக் கியர்ப்பெட்டியை அறிமுகப்படுத்தியது. இன்றைய டோர்க் கொன்வேட்டர் அந்தப் பரம்பரையில் வந்ததே.

கொன்வேட்டருக்குப் பின்னால், சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோல் அமைந்த பற்சில்லுத் தொகுதிகள் இருக்கின்றன. அவற்றுள் எதைப் பிடித்து எதை விடுவது என்பதைப் பொறுத்து வேகமும் விசையும் மாறுகின்றன. பிடிப்பதும் விடுவதும் உராய்வுப் பட்டைகள் ஒட்டிய மெல்லிய கிளட்ச் தட்டுகளின் வேலை. அந்தத் தட்டுகளை அழுத்துவது ஓயிலின் அமுக்கம். அமுக்கத்தை உண்டாக்குவது இயந்திரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு பம்பு. எந்தக் கிளட்சுக்கு ஓயிலை அனுப்புவதென்று தீர்மானிப்பது சொலனொய்ட் எனப்படும் சிறு மின்வால்வுகள். ஆகவே, இந்த ஓயில் வெறும் மசகு எண்ணெய் அன்று. விசையைக் கடத்துவதும் அது. கட்டளையைக் கொண்டு செல்வதும் அது. வெப்பத்தை வெளியேற்றுவதும் அது. தானியங்கியின் நோய்களுள் பெரும்பகுதி ஓயிலில் தொடங்கி ஓயிலில் முடிகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

மறுநாள் விடியற்காலையில் சம்மாந்துறைக்குச் சென்ற மெக்கானிக், முதற் காரியமாக இயந்திர மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். குளிர்ந்திருக்கிறது. இயந்திரத்தை இயக்கி, சற்று நேரம் விட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நியூட்ரலிலிருந்து ‘டி’க்கு மாற்றுகிறார். வண்டி மெல்ல உந்தவேண்டும். பின்பு நியூட்ரலிலிருந்து ரிவர்ஸுக்கு. டொயோட்டாவின் பழைய தானியங்கிகளுக்கு விதிக்கப்பட்ட எல்லை, முன்னே செல்வதற்கு 1.2 விநாடி, ரிவர்ஸுக்கு 1.5 விநாடி. வண்டி சூடேறிய நிலையில் எடுக்க வேண்டிய கணக்கு இது. குளிர்ந்த வண்டிக்குச் சிறிது கூடுதலாகக் கொடுக்கலாம். ஆனால் இந்தக் காரோ, ரிவர்ஸில் போட்டு மூன்று, நான்கு என்று எண்ணிய பின்னரே ‘டக்’ என்ற ஓசையோடு பிடிக்கிறது. இரண்டாம் முறை போடும்போது தாமதம் குறைகிறது. கால்மணி நேரம் ஓடியபின் நோயே தெரியவில்லை.

இதன் பொருள் யாது? இரவு முழுவதும் நின்ற வண்டியில், கிளட்சை அழுத்தும் அறைகளிலிருந்து ஓயில் கசிந்து கீழே வடிந்துவிடுகிறது. அதைத் தடுக்க வேண்டிய ரப்பர் முத்திரைகள் வயதினால் இறுகிப்போயிருக்கின்றன. சூடேறினால் ரப்பர் சிறிது இளகித் தன் வேலையைச் செய்கிறது. பிற்பகலிற் சென்ற ஆசிரியர் கண்டது இளகிய ரப்பரின் நல்லொழுக்கத்தையே. ஓயிலின் அளவு குறைந்திருந்தாலும் இதே குறி தோன்றக்கூடும் என்பதால், மெக்கானிக் அளவுகோலை உருவி, வெள்ளைத் துணியில் ஓயிலைத் தொட்டுப் பார்க்கிறார். அளவு சரி. நிறமோ கடுங்காப்பி, மணமோ தீய்ந்த பாணின் மணம். கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பட்டை கருகியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆசிரியர் விடைபெற்றுத் திரும்புகிறார்.

ஓயிலைப் பார்ப்பதிலும் முறை உண்டு. பெரும்பாலான வண்டிகளில், ஓயில் சூடேறி, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவு பார்க்கவேண்டும். ஹொண்டா வண்டிகள் பலவற்றில் இயந்திரத்தை நிறுத்திய உடனே பார்க்கவேண்டும். புதிய வண்டிகள் சிலவற்றில் அளவுகோலே கிடையாது. குறித்த வெப்பநிலையில் அடியிலுள்ள அடைப்பைத் திறந்து, வழிகிறதா என்று பார்ப்பதே அவற்றுக்குரிய வழி. ஓயில் பாற்றேநீர் நிறத்தில் இருந்தால், றேடியேற்றரின் உள்ளே கியர் ஓயிலைக் குளிர்விக்கும் குழாய் வெடித்துத் தண்ணீர் கலந்திருக்கலாம்; அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். உராய்வுப் பட்டைகளை ஒட்டியிருக்கும் பசையைத் தண்ணீர் பிரித்துவிடும். அத்தகைய பெட்டி இன்று ஓடினாலும் அதன் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன.

‘பழைய ஓயிலை மாற்றினால் கியர் போய்விடும்’ என்றொரு நம்பிக்கை கராஜ்கள் தோறும் உலவுகிறது. அதில் ஒரு பாதியே உண்மை. ஏற்கெனவே வழுக்கும் பெட்டியின் பழைய ஓயிலில், தேய்ந்த பட்டையின் துகள்கள் மிதந்து சற்றே பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கக்கூடும். புதிய ஓயில் வந்ததும் அந்தப் போலிப் பிடிப்பு மறைகிறது. பழி ஓயிலின்மேல் விழுகிறது. வழுக்காத பெட்டிக்கு ஓயில் மாற்றுவதால் கேடில்லை. எனினும், அடைப்பைத் திறந்து வடித்தால் முழு ஓயிலும் வெளியேறிவிடாது. கணிசமான பங்கு கொன்வேட்டரினுள்ளே தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி வடித்து ஊற்றுவது நன்று.

இனி, ‘ஒட்டோ கியர்’ என்ற ஒரே பெயரில் இலங்கையில் விற்கப்படும் பெட்டிகள் உண்மையில் ஒன்றல்ல என்பதை அறிதல் வேண்டும். இதை அறியாமையால் விளையும் நட்டம் பெரிது. கொரோலா 121 போன்றவற்றில் இருப்பது மேலே சொன்ன கொன்வேட்டரும் கோட்பற்சில்லும். அக்சியோ, விட்ஸ், வகன் ஆர் முதலிய பலவற்றில் இருப்பது சி.வி.ரி. எனப்படும் படியில்லாப் பெட்டி. ஒல்லாந்தைச் சேர்ந்த வான் டோர்னெ 1958இல் டஃப் காரில் ரப்பர் பட்டியைக் கொண்டு தொடங்கிய முறை இது. இப்பொழுது நுண்ணிய உருக்குத் துண்டுகளைக் கோத்த பட்டி, அகன்றும் ஒடுங்கியும் மாறும் இரு கப்பிகளுக்கிடையே ஓடுகிறது. அல்ட்டோ கே 10, செலேரியோ ஆகியவற்றின் ஏ.ஜி.எஸ். பெட்டியோ சாதாரண மெனுவல் கியரேதான். சாரதியின் காலும் கையும் செய்ய வேண்டியதை ஒரு சிறு கருவி செய்கிறது. ஹொண்டா ஃபிட், வெசல், கிறேஸ் என்னும் கலப்பின வண்டிகளில் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர்ப் பெட்டி. டொயோட்டா அக்குவா, பிரியஸ் ஆகியவற்றிலே பட்டியும் இல்லை, வழுக்கக்கூடிய கிளட்சும் இல்லை. ஒரு கோட்பற்சில்லுத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும் மாத்திரமே.

ஒன்றுக்கு நோயாக உள்ளது மற்றொன்றுக்கு இயல்பாக இருக்கலாம். சி.வி.ரி. வண்டியில் வேக மிதியை அழுத்தினால், இயந்திரச் சுற்று முதலில் உயர்ந்து அங்கேயே நிற்க, வண்டியின் வேகம் பின்னர் வந்து சேரும். கிளட்ச் வழுக்குகிறதென்று அஞ்சி நல்ல வண்டியை விட்டு வந்தவர்கள் உளர். ஐயத்துக்குரியது அதுவன்று. மிதியை அசைக்காமல் சமவேகத்தில் ஓடும்போது சுற்று மாத்திரம் ஏறி இறங்கினால், அல்லது வண்டியின் வேகத்தோடு ஒரு ரீங்காரம் ஏறி வந்தால், பட்டியையும் தாங்கிகளையும் சந்தேகிக்கலாம். வடித்த ஓயிலில் வெள்ளித்தூள் மின்னினால் சந்தேகத்துக்கே இடமில்லை. அதுபோலவே, ஏ.ஜி.எஸ். வண்டி கியர் மாற்றுகையில் தலையைச் சற்று முன்னே ஆட்டுவது அதன் பிறவிக்குணம். ஆனால் கியர் விழாமல் ‘என்’ எழுத்து மினுக்கினால், கிளட்ச் தேய்ந்திருக்கலாம். அல்லது புதிய கிளட்ச் போட்டவர், கருவிக்கு அதன் நிலையைக் கற்பிக்காமல் விட்டிருக்கலாம். பின்னையது கணினி வழியே சிறிது நேரத்திற் சரியாகும் குறை.

ஹொண்டாவின் இரட்டைக் கிளட்ச் உலர் கிளட்ச். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்வதும், ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் வேக மிதியாலேயே வண்டியை நிறுத்தி வைப்பதும் அதைச் சூடாக்கி நடுங்கச் செய்யும். 2013 செப்டெம்பரில் வெளிவந்த கலப்பின ஃபிட் வண்டியை, 2014 ஒக்டோபருக்குள் ஹொண்டா நிறுவனம் ஐந்து முறை திருத்தத்துக்குத் திரும்ப அழைத்தது. முதல் அழைப்புகள் கியர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டு நிரல் பற்றியவை. அக்காலத்து வண்டியை வாங்குவோர், அத்திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு உறுதிசெய்துகொள்வது அவசியம். அக்குவாவில் உதறல் கண்டாலோ கியர்ப்பெட்டியைக் கழற்றச் சொல்வது வீண் செலவாகலாம். இயந்திரம் சரியாக எரியாமையும், இயந்திரத்துக்கும் பெட்டிக்கும் இடையேயுள்ள அதிர்வு தாங்கியின் தளர்ச்சியும் முதலிற் பார்க்கவேண்டியவை.

ஓயிலைப் பொறுத்தவரையும் இப்பெட்டிகள் தனித்தனிக் குலங்கள். டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., நிசானின் என்.எஸ்.-3, ஹொண்டாவின் எச்.சி.எஃப்.-2 என ஒவ்வொன்றுக்கும் உரியது வேறு. சி.வி.ரி. பெட்டிக்குள் சாதாரணத் தானியங்கி ஓயிலை ஊற்றினால் பட்டி கப்பியில் வழுக்கத் தொடங்கும். மலிவு கருதி ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்பவரிடம் வண்டியை ஒப்படைப்பதிலும், அதை வீட்டிலேயே விட்டுவைப்பது மேல்.

ஆசிரியர் இரண்டாவதாகப் பார்த்த கார் நிந்தவூரில் இருந்தது. அதன் உரிமையாளர் ஓய்வுபெற்ற லிகிதர். “கியர் போய்விட்டது, உள்ளதைச் சொல்லித்தான் விற்கிறேன்” என்று அவரே கூறிவிடுகிறார். வாயுச்சீராக்கியைப் போட்டு ஏறக்குறைய 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்கையில், கிரவல் வீதியில் ஓடுவதுபோல வண்டி நடுங்குகிறது. கேட்ட விலையோ சந்தை விலையில் பாதி.

இவ்வேகத்தில் வரும் நடுக்கத்துக்கு இரண்டு தகப்பன்மார் உண்டு. சமவேகத்தில் வழுக்கலைத் தவிர்ப்பதற்காகக் கொன்வேட்டரினுள்ளே ஒரு கிளட்ச் பூட்டிக்கொள்ளும். அது தேய்ந்திருந்தால் நடுக்கம் வரும். இயந்திரத்தின் ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் அதே நடுக்கம் வரும். பிரித்தறிவது எளிது. நடுங்கும்போது, வேக மிதியை விடாமல், பிரேக் விளக்கு எரியுமளவுக்கு மாத்திரம் பிரேக்கை இடக்காலால் மெல்லத் தொட்டால், கொன்வேட்டரின் பூட்டு அவிழும். நடுக்கம் அக்கணமே நின்றால் குற்றவாளி கொன்வேட்டர். பின்னால் வாகனம் வராத நேர்வீதியிற் செய்யவேண்டிய சோதனை இது. மெக்கானிக் தொடுகிறார், நடுக்கம் நிற்கவில்லை. கராஜுக்குக் கொண்டுவந்து ஸ்கேன் செய்தால், இரண்டாம் சிலிண்டர் எரியவில்லை என்ற குறியீடு. உடனே புதிய பொருள் வாங்கச் சொல்லாமல், இரண்டாம் சிலிண்டரின் தீப்பொறிச் சுருளைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதன் சுருளை இரண்டாவதிலும் மாற்றிப் பொருத்துகிறார். குறியீடு மூன்றாம் சிலிண்டருக்கு இடம் மாறுகிறது. கியர்ப்பெட்டி குற்றமற்றது, கெட்டது கைக்கடக்கமான ஒரு சுருள்.

“மாஸ்டர், அவரிடம் சொல்வதா, விடுவதா?” என்று மெக்கானிக் கேட்கிறார்.

பாதி விலைக்கு முழு வண்டி. ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார். “சொல்லுங்கள், காக்கா. இல்லாவிட்டால் நிந்தவூர் வழியாக நான் எப்படி இந்தக் காரில் போவது?” என்கிறார். விலை ஏறுகிறது. முழுச் சந்தை விலைக்கு ஏறவில்லை. ஆயினும் ஆசிரியர் மேலும் ஒரு கடன் எடுக்கவேண்டிய அளவுக்கு ஏறுகிறது.

ஸ்கேன் கருவியைப் பற்றி ஒரு சொல். அது காட்டும் குறியீடு, வாங்கவேண்டிய பொருளின் பெயரன்று. பி0741 என்று வந்தால் கொன்வேட்டரின் பூட்டு வேலை செய்யவில்லை என்பதே பொருள். காரணம் சொலனொய்டா, கம்பியா, கருகிய ஓயிலா, கொன்வேட்டர்தானா என்பதை மனிதனே தேடவேண்டும். விற்பவர் முதல்நாள் குறியீடுகளை அழித்துவைக்கவும் கூடும். ஆதலால், முப்பது நாற்பது கிலோமீற்றர் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்வது விவேகம். நிசான் வண்டிகள் சிலவற்றில், சி.வி.ரி. ஓயில் எவ்வளவு சீரழிந்ததென்ற கணக்கும் கணினியிற் பதிவாகியிருக்கும். பற்றரி வலுவிழந்தாலும் இந்நாளைய பெட்டிகள் பிழையான குறியீடுகளைக் காட்டும். அதை முதலில் அளந்துவிட்டால் ஒரு நாள் மிச்சமாகும்.

கரையோரத்து வண்டிகளுக்குத் தனிப்பட்ட ஒரு சிக்கல் இருக்கிறது. பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு வரை நிலம் பாய் விரித்தாற்போற் சமதரை. வலுவிழந்த கிளட்ச் இங்கே ஆண்டுக்கணக்கில் குட்டு வெளிப்படாமல் ஓடும். குடும்பத்தோடு பதுளைக்கோ பண்டாரவளைக்கோ புறப்பட்டு மலையேறும்போதுதான் சுற்று உயர்ந்து வண்டி நின்றுவிடும். மேடில்லாத ஊரில் மேட்டை உண்டாக்க வழியுண்டு: ஐந்து பேரை ஏற்றி, வாயுச்சீராக்கியை முழுதாகத் திறந்து, ஓயில் நன்றாகச் சூடேறும்வரை அரைமணி நேரம் ஓட்டி, பின்பு நின்ற நிலையிலிருந்து வேகமெடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு கியரிலிருந்து அடுத்த கியருக்கு மாறும் இடைவெளியில் இயந்திரம் ஒரு கணம் கட்டவிழ்ந்ததுபோல் ஊளையிட்டால், அந்தப் பெட்டி மலையைத் தாங்காது. பிரேக்கையும் வேக மிதியையும் ஒருங்கே முழுதாக அழுத்திச் சோதிக்கும் பழைய வழக்கமும் உண்டு. ஐந்து விநாடிக்கு மேற்பட்டால் அதுவே ஓயிலைக் கருக்கிவிடும், சி.வி.ரி.க்கும் இரட்டைக் கிளட்சுக்கும் ஒருபோதும் ஆகாது.

இரண்டாவது சிக்கல் வெள்ளம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் கிட்டங்கித் தாம்போதியும் மாவடிப்பள்ளித் தாம்போதியும் நீரில் அமிழ்வது இப்பகுதியார் அறிந்தது. கியர்ப்பெட்டியின் மேற்பகுதியில், வெப்பத்தால் விரியும் காற்று வெளியேற ஒரு சிறு துவாரம் இருக்கிறது. சூடான பெட்டி திடீரென்று குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளேயுள்ள காற்று சுருங்கி, அத்துவாரத்தின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கொணர்ந்த வெள்ளத்தில் நாடெங்கும் வண்டிகள் மூழ்கின. அவற்றுட் சில துடைத்து மெருகிடப்பட்டு விற்பனைக்கு வரவே செய்யும். ஆசனத்தின் அடிச் சட்டத்தில் துரு, இருக்கைப் பட்டியை முழுதாக இழுத்தால் அதன் அடிநுனியில் சேற்றுக்கறை, தரைவிரிப்பின் கீழே மண் ஆகியவை மறைக்க முடியாத சாட்சிகள். நீரில் நின்ற வண்டியை இயக்கிப் பார்க்காமல், கியர் ஓயிலைச் சிறிது வடித்துப் பார்த்த பின்னரே அடுத்த காரியத்தைச் செய்யவேண்டும்.

வழியில் நின்றுவிட்ட தானியங்கி வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. இயந்திரம் ஓடாதபோது பம்பும் ஓடாது. பம்பு ஓடாதபோது ஓயில் எங்கும் பாயாது. சில்லுகள் சுழலச் சுழல, உள்ளேயுள்ள உறுப்புகள் வறண்டபடி உராயும். சொலனொய்ட் ஒன்றினால் நின்ற வண்டி, சியம்பலாண்டுவையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு இழுத்து வரப்படும்போது, பஞ்சிகாவத்தையில் முழுப் பெட்டியையே தேடவேண்டிய வண்டியாகிவிடுகிறது. முன்சில்லுகள் இயங்கும் காரை, அவற்றைத் தூக்கி வைத்து இழுக்கலாம். நான்கு சில்லுகளும் இயங்குவதாயின், லொறியின்மேல் முழுதாக ஏற்றியே கொண்டுவரவேண்டும். தள்ளி ஸ்டார்ட் செய்யும் வழியும் இவற்றுக்குக் கிடையாது. எத்தனை பேர் தள்ளினாலும் தள்ளுபவருடைய மூச்சுத்தான் போகும்.